“அண்ணே, ஸ்கோப் போச்சு”: கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் பார்க்க வேண்டியவை

எங்கள் பறவை பார்க்கும் குழுவில் ஸ்பாட்டிங் ஸ்கோப் (ட்ரைபாட் என்கிற முக்காலியில் மாட்டி, தூரத்துப் பறவையைப் பார்க்கும் ஒற்றைக்கண் தொலைநோக்கி) வைத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர். யாருடையதில் என்ன தகராறு என்றாலும் அது எப்படியோ என் தலையில் வந்து விழும். நான் மெக்கானிக் இல்லை. முதல் ஸ்கோப்பை வாங்கியபோது செய்யக்கூடிய எல்லாத் தவறையும் செய்து பார்த்தவன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் பள்ளிக்கரணையிலிருந்து போன் வரும், “அண்ணே, ஸ்கோப் போச்சு.” போய்ப் பார்த்தால் பத்தில் எட்டு தடவை ஸ்கோப்புக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. ட்ரைபாட் தளர்ந்திருக்கும், ஐகப் (கண் வைக்கும் இடத்தில் ஏற்றி இறக்கும் வளையம்) தப்பாக இருக்கும், இல்லையென்றால் ஏரி மேல் காற்றே கொதித்துக்கொண்டிருக்கும். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுதி வைக்கிறேன்.

உங்கள் குறை எந்தத் தலைப்பில் வருகிறதோ நேராக அங்கே போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில், பர்ஸைத் திறக்க வைப்பது கடைசியில்.

எல்லாருக்கும் பொதுவாக இரண்டு எச்சரிக்கை. ஸ்கோப்பின் உடம்பில் இருக்கும் எந்தத் திருகையும் கழற்றாதீர்கள். நீர்புகாத ஸ்கோப் என்றால் உள்ளே நைட்ரஜன் அடைத்து ரப்பர் வளையம் போட்டு மூடியிருப்பார்கள், ஒரு தடவை திறந்துவிட்டால் வீட்டில் அதைத் திரும்ப மூட வழியில்லை. அப்புறம், எந்தச் சோதனைக்காகவும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள், ஒரு நொடிகூட. கண் போய்விடும். 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தன்று ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் பக்கத்து லென்ஸ்) வழியாக வெயிலைச் சுவரில் விழவைத்துக் காட்டிய ஒருவருடைய ஸ்கோப்பைப் பிறகு பார்த்தேன், ஐபீஸுக்குள் இருந்த பிளாஸ்டிக் வளையம் உருகி ஒரு பக்கம் நெளிந்திருந்தது.

சோதனைக்கு ஒரே ஒரு பொருள் போதும்: வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டர். காலை ஏழு மணிக்கு முன்னால், நிழலில், முப்பது மீட்டர் தள்ளி ஒரு சுவரில் மாட்டி, ஸ்கோப்பை 40 மடங்கில் வையுங்கள். பெரிய தேதி யாருக்கும் தெரியும். அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் ராகு காலம், எமகண்டம் வரி படிக்க வந்தால் உங்கள் கண்ணாடிகள் நலமாக இருக்கின்றன, குறை வேறெங்கோ இருக்கிறது. கீழே ‘காலண்டர் சோதனை’ என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

கண்ணை வைத்தால் ஒரே இருட்டு

சிரிக்காதீர்கள், மூடியைப் பாருங்கள். முன்னால் ஒன்று, ஐபீஸில் ஒன்று. ஸ்கோப்போடு ஒட்டியே கிடக்கும் துணி உறை போட்டிருப்பவர்கள் அதன் முன்பக்க மடிப்பு பாதி கவிழ்ந்து லென்ஸை மறைக்கிறதா என்றும் பாருங்கள். அப்போது முழு இருட்டாக இருக்காது, மாலை நேரம் மாதிரி இருக்கும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம்.

விடியற்காலையில் மட்டும் இருட்டு என்றால் ஜூமைக் குறையுங்கள். முன் லென்ஸ் 80 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்கோப்பில் 60 மடங்கு வைத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் 1.3 மில்லிமீட்டர்தான், 20 மடங்கில் 4 மில்லிமீட்டர். ஆறு மணி வெளிச்சத்துக்கு 20, 25-க்கு மேல் போகாதீர்கள்.

ஐபீஸ் கழற்றி மாட்டும் வகையா? கழற்றி, ‘க்ளிக்’ சத்தம் வரும்வரை திருகி மாட்டுங்கள். அரைகுறையாக உட்கார்ந்திருந்தாலும் ஒரு பக்கம் இருட்டடிக்கும். இதெல்லாம் சரி, ஆனால் ஸ்கோப் சமீபத்தில் கீழே விழுந்தது, மெதுவாகச் சாய்த்தால் உள்ளே ஏதோ உருளுகிற சத்தம் வருகிறது என்றால் ப்ரிஸம் (உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டி) இடம் பெயர்ந்திருக்கலாம். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள், கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

படம் பளிச்சென்று இருக்கிறது, பறவைதான் மாட்டவில்லை

இது பழுதே இல்லை, ஆனாலும் புதிதாக வாங்கியவர்களிடமிருந்து அதிகம் வரும் புகார் இதுதான், அதிலும் 45 டிகிரி சாய்ந்த ஐபீஸ் உள்ளவர்களிடமிருந்து. கண் கீழே பார்க்கிறது, ஸ்கோப் நேரே பார்க்கிறது, மூளை குழம்பத்தான் செய்யும்.

முதல் காரணம் ஜூம். போன தடவை 60-இல் விட்டுவிட்டு அப்படியே தேடுவீர்கள். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 20 மடங்கில் ஏறக்குறைய 35 மீட்டர் அகலம் தெரியும். 60-இல் அதில் பாதிதான், கொஞ்சம் கூடக்குறைய. தேடுவது 20-இல், பார்ப்பது 40-இல்.

இரண்டாவது, குறி பார்க்க ஒன்றும் இல்லாதது. எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் கேபிள் டை ஒன்றை ஸ்கோப்பின் முன்பக்க வெயில் மறைப்பில் இறுக்கிக் கட்டி, வாலை இரண்டு சென்டிமீட்டர் விட்டு நறுக்குங்கள். அந்த வால் துப்பாக்கியின் குறிமுனை மாதிரி மேலே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பகலில் தூரத்துக் கோபுரம் ஒன்றை ஸ்கோப்பின் நடுவில் கொண்டுவந்து பூட்டிவிட்டு, குழாயின் மேல் கண்ணை ஓட்டி, வாலின் நுனி கோபுரத்தின்மேல் விழும்படி டையை நகர்த்திக்கொள்ளுங்கள். இரண்டு ரூபாய்ச் செலவு. இதைச் செய்துகொடுத்த பிறகு எங்கள் குழுவில் ஒருவர் இந்தப் புகாரை விட்டுவிட்டார். அதற்கு முன் மூன்று மாதம், நாங்கள் எல்லாம் பூநாரை பார்த்துக்கொண்டிருக்க, அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணில் கறுப்பு நிழல் வந்து வந்து போகிறது

அவரைக்கொட்டை வடிவத்தில் ஒரு நிழல் ஓரத்திலிருந்து உள்ளே வரும், தலையை அசைத்தால் மறுபக்கம் போகும். கண் சரியான தூரத்தில் இல்லை, அவ்வளவுதான்.

*மூக்குக்கண்ணாடி போடாதவர்:* ஐகப்பை முழுக்க மேலே திருகுங்கள். அப்படியும் நிழல் வந்தால் ஒரு படி இறக்குங்கள்.

*போடுகிறவர்:* ஐகப்பை முழுக்கக் கீழே இறக்குங்கள். இறக்கியும் வட்டத்தின் ஓரம் தெரியவில்லை என்றால் அந்த ஐபீஸ் கண்ணாடிக்காரர்களுக்கு ஏற்றதில்லை. கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம், ஃபோகஸே அதைச் சரிக்கட்டிவிடும். உருளைப் பவர் (சிலிண்டர் பவர்) அதிகம் இருந்தால் கழற்றினால் மங்கும். அவர்களுக்கு வேறு ஐபீஸ்தான் வழி, அது செலவு.

ஜூமை ஏற்றும்போது மட்டும் நிழல் வருகிறதா? ஜூம் ஐபீஸில் மடங்கு மாறும்போது கண் இருக்க வேண்டிய தூரமும் கொஞ்சம் மாறும். ஐகப்பை மறுபடி சரிசெய்யுங்கள். ஸ்கோப்பின் மேல் முகத்தை அழுத்தி வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள்.

படம் ஆடுகிறது

இங்கேதான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். நல்ல ஸ்கோப்பை வாங்கிவிட்டு, வீட்டில் கிடந்த கல்யாண வீடியோ காலத்து ஒல்லி ட்ரைபாடில் மாட்டி, “லென்ஸ் சரியில்லை” என்பார்கள். 60 மடங்கில் உங்கள் விரல் நடுக்கமும் 60 மடங்குதான்.

முதலில் தட்டிப் பாருங்கள். 40 மடங்கில் ஏதாவது கம்பத்தைப் பிடித்து, குழாயை விரலால் லேசாகத் தட்டிவிட்டுக் கையை எடுங்கள். ஒரு நொடியில் படம் நின்றால் ட்ரைபாட் போதும். இரண்டு நொடி தாண்டியும் நடுங்கிக்கொண்டே இருந்தால் கீழே உள்ளதை வரிசையாகச் செய்யுங்கள்.

நடுத்தண்டை இறக்குங்கள், முழுக்க. உயரம் வேண்டுமென்றால் காலில் எடுங்கள், தண்டில் எடுக்காதீர்கள். கால்களிலும் தடித்த கணுவை முதலில் நீட்டி, அடியில் இருக்கும் மெல்லிய கணுவைக் கடைசிக்கு வையுங்கள். சாய்ந்த ஐபீஸ் என்றால் கொஞ்சம் குனிந்து பார்ப்பது ஒன்றும் கேவலமில்லை, உயரம் குறையக் குறைய ஆட்டமும் குறையும்.

ஒரு காலைப் பறவை இருக்கும் பக்கம் நீட்டி வையுங்கள். மற்ற இரண்டு கால்களுக்கு நடுவில் நீங்கள் நிற்கலாம், தடுக்காது.

காற்று. கோடியக்கரை உப்பளக் கரையில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே காற்று ஒரு நிமிஷம் ஓயாது. பையை நடுத்தண்டுக் கொக்கியில் மாட்டுங்கள், ஆனால் அது ஊஞ்சலாடும்படி விடாதீர்கள். பையின் அடி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். ஆடுகிற பை இல்லாத ஆட்டத்தையும் கொண்டுவரும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று உங்களையே மறைப்பாக்குங்கள். சேற்றில் நிற்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு காலையும் அழுத்தி இறக்கி, கெட்டியானதை உணர்ந்த பிறகு ஃபோகஸ் செய்யுங்கள். இல்லையென்றால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் மெதுவாகப் புதையும், நீங்கள் பறவை நடக்கிறது என்று நினைப்பீர்கள். மரப்பாலத்தில் நிற்கிறீர்களா? பக்கத்தில் யாரும் நடக்காத நேரமாகப் பாருங்கள், வேறு வைத்தியம் கிடையாது.

அப்புறம் திருகுகள். காலின் மேல்மூட்டில் இருக்கும் போல்ட்டுகள் ஓராண்டில் தளர்ந்துவிடும், ட்ரைபாடோடு கொடுத்த ஆலன் சாவியால் கால் சுற்று இறுக்கினால் புது ட்ரைபாட் மாதிரி நிற்கும். அந்தச் சாவியைத் தொலைக்காதவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை. சைக்கிள் கடையில் கேளுங்கள், கிடைக்கும்.

எல்லாம் செய்தும் ஆடினால் செலவுதான். ஆனால் ட்ரைபாட் முழுவதையும் மாற்றும் முன், ஸ்கோப் உட்காரும் தலையை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஃபோட்டோக்காரர்களின் பந்துத் தலை ஸ்கோப்புக்கு ஒத்துவராது. வீடியோவுக்கான, உள்ளே எண்ணெய் அடைத்து வழுவழுவென்று நகரும் தலைதான் (ஃப்ளூயிட் ஹெட்) இதற்கு.

பூட்டிவிட்டுக் கையை எடுத்தால் மூக்கு கீழே சரிகிறது

நாமக்கோழியை நடுவில் வைத்துப் பூட்டினால் கண்ணை வைக்கும்போது வெறும் தாமரை இலைதான் இருக்கும்.

எடை ஒரு பக்கம். பிடிகளைத் தளர்த்திவிட்டுக் கையை எடுங்கள் (பிடித்துக்கொள்ளத் தயாராக இருங்கள்). மூக்கு கீழே போனால் ஸ்கோப்பைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும், வால் கீழே போனால் முன்னுக்கு. பெரும்பாலும் ஸ்கோப்பைத் தலையில் மாட்டும் அடித்தகடு நீளமாக இருக்கும், அதில் நகர்த்த இடம் உண்டு. குட்டைத் தகடு என்றால் நீளமானது ஒன்று வாங்குங்கள், பெரிய விலை இல்லை.

சரியவில்லை, பக்கவாட்டில் சுழல்கிறது என்றால் தகட்டுக்கும் ஸ்கோப் காலுக்கும் நடுவில் இருக்கும் கால் அங்குலத் திருகு தளர்ந்திருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தால் இறுக்குங்கள். ஒரு மணி நேரத்தில் மறுபடி தளர்ந்தால், தகட்டில் சின்னதாக ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும், அது ஸ்கோப் காலில் உள்ள ஓட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். அந்த முளை இல்லாத தகடு சுழலத்தான் செய்யும்.

குழாயே அதன் கழுத்து வளையத்துக்குள் உருளுகிறதா? வளையத்தின் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும், அதை இறுக்கினால் போதும். இதைத்தான் ஒருவர் “ப்ரிஸம் கழன்றுவிட்டது” என்று எனக்குக் குரல்செய்தி அனுப்பினார்.

பூட்டு கெட்டியாக இறுக்கியும் மூக்கு சரிந்துகொண்டே இருந்தால் தலைக்குள் தேய்மானம். தலையைத்தான் மாற்ற வேண்டும், ஸ்கோப்புக்குப் பங்கில்லை.

ஏழு மணிக்குப் பளிங்கு மாதிரி, பத்து மணிக்குக் கொதிக்கிற தண்ணீர் மாதிரி

இது கானல். ஸ்கோப்பில் எந்தக் குறையும் இல்லை. பத்து லட்ச ரூபாய்க்கு வாங்கினாலும் இதே கதைதான்.

உறுதிப்படுத்த: அந்த நேரத்திலேயே முப்பது, நாற்பது மீட்டரில் இருக்கும் ஏதாவது ஒரு கல்லையோ முள்வேலியையோ பாருங்கள். அது கூர்மையாக இருந்து, ஐந்நூறு மீட்டரில் இருக்கும் உள்ளான் கூட்டம் மட்டும் நெளிந்தால் சந்தேகமே வேண்டாம்.

செய்யக்கூடியது: ஜூமை 20-க்கும் 30-க்கும் நடுவில் வையுங்கள். ஏற்றினால் கொதிப்பும் சேர்ந்து பெரிதாகும், ஒரு இறகுகூடக் கூடுதலாகத் தெரியாது. இடத்தை மாற்றுங்கள், காய்ந்த சேறு, உப்புப் பாத்தி, தார்ச் சாலைக்கு மேலாகப் பார்ப்பதைவிட, நடுவில் தண்ணீர் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் தெளிவு கூடும். உயரமும் உதவும்: கரைமேல், காவல் கோபுரத்தின்மேல் ஏறினால் தரையை ஒட்டிய சூட்டுக்காற்றுக்கு மேலாகப் பார்வை போகும். மேகம் வந்து வெயிலை மறைக்கும் சில நிமிஷங்களுக்குக் காத்திருங்கள், அப்போது சட்டென்று திரை விலகின மாதிரி இருக்கும். ஆய்வாளர்கள் வரித்தலை வாத்துக்கு மாட்டிவிடும் கழுத்துப்பட்டையின் எழுத்தைக் கூந்தன்குளத்தில் படிக்க வேண்டுமென்றால் எட்டு மணிக்குள் படித்துவிட வேண்டும், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கானலை நாமே உண்டாக்கிக்கொள்வதும் உண்டு:

*காருக்குள்ளிருந்து பார்க்கிறீர்களா?* ஏ.சி. ஓட, ஜன்னலை இறக்கி, அதில் ஸ்கோப்பை வைத்தால் குளிர்காற்றும் வெளிச்சூடும் லென்ஸுக்கு முன்னாலேயே கலந்து அலையடிக்கும். ஏ.சி.யையும் எஞ்சினையும் அணையுங்கள். இப்போதுதான் நிறுத்திய காரின் பானெட்டுக்கு மேலாகப் பார்க்காதீர்கள்.

*மொட்டை மாடியிலிருந்தா?* மாலையில் காங்கிரீட் சூடு இறங்க நேரமாகும். கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்று பாருங்கள், மாடியின் நடுவில் நின்று தளம் முழுவதற்கும் மேலாகப் பார்க்க வேண்டாம். ஜன்னல் கண்ணாடி வழியாகவும் கொசுவலை வழியாகவும் பார்ப்பவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

எந்நேரமும் மங்கல்

காலண்டர் சோதனையில் ராகு காலம் படிக்க வரவில்லையா? அப்போதுதான் இந்தத் தலைப்பு.

*ஜூம் ஏற்றினால் மட்டும் மங்குகிறது.* ஜூம் மாற்றும்போது ஃபோகஸ் கொஞ்சம் நகர்வது சாதாரணம். அதிக மடங்கில் ஃபோகஸைச் சரிசெய்துவிட்டுக் குறைத்துக்கொண்டு வாருங்கள், படம் பெரும்பாலும் கூர்மையாகவே இருக்கும். குறைவில் வைத்து ஏற்றினால் மங்கும். சரிசெய்தும் 45-க்கு மேல் மங்கல்தான் என்றால் மலிவு ஸ்கோப்புகளில் அது பிறவிக்குணம். 60 என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்கியாயிற்று, இனி 40-க்குள் ஓட்டுங்கள்.

*எல்லா மடங்கிலும் மங்கல்.* ஐபீஸைப் பாருங்கள், கண்ணிமை எண்ணெய் படிந்திருக்கும். முன் லென்ஸில் நாலு தூசி இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, ஐபீஸில் ஒரு விரல் ரேகை இருந்தால் எல்லாம் கெடும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு மென்தூரிகை. அதன் பிறகுதான் லென்ஸ் துணியில் ஒரு சொட்டுத் திரவம் விட்டு, நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். பழவேற்காடு, கோடியக்கரை போய்வந்தால் உப்பு படிந்திருக்கும். அதை உலர் துணியால் தேய்த்தால் உப்புக் கல்லே லென்ஸின் மேல் இருக்கும் பூச்சைக் கீறும், லேசாக ஈரமான துணியால் முதலில் கரைத்து எடுங்கள். சட்டை நுனி, லுங்கி, வேட்டி எதுவும் வேண்டாம். கண்ணாடியைத் துடைக்க விபூதி போடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு பெரியவர் ஸ்கோப்புக்கும் அதையே செய்துவிட்டார், ஊதாப் பூச்சு முழுக்க மெல்லிய வட்டக் கீறல்கள். லென்ஸில் மட்டும் வேண்டாம் ஐயா.

துடைத்தும் அப்படியே இருந்தால் இன்னொருவர் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கூர்மை என்றால் கண் மருத்துவரைப் பாருங்கள், கிண்டல் இல்லை. எங்கள் குழுவில் ஒருவருக்குக் கண்புரை ஆரம்பித்தது இப்படித்தான் தெரிந்தது.

*ஒரு பக்கம் மட்டும் மங்கல், வெளிச்சப் புள்ளிக்கு வால் முளைக்கிறது.* இது விழுந்த அடி. இரவில் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை நடுவில் வைத்து ஃபோகஸைக் கொஞ்சம் கலையுங்கள். வட்டத்துக்குள் வட்டமாக, மையம் நடுவில் இருந்தால் நலம். ஒரு பக்கம் ஒதுங்கிய நாமம் மாதிரி வந்தால் உள்ளே ஏதோ நகர்ந்திருக்கிறது. தொழில்தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

புள்ளி, நூல், சிலந்திவலை

ஐபீஸைச் சுற்றுங்கள் (ஐகப்பை மட்டும் சுற்றினால் போதாது). புள்ளியும் கூடவே சுற்றினால் அது ஐபீஸில் உள்ள தூசி, துடைத்தால் போகும்.

கண்ணை அசைத்தால் பின்னாலேயே மிதந்து வருகிறதா? அது உங்கள் கண்ணுக்குள் இருக்கும் மிதவை. அதிக மடங்கில் ஒளிக்கற்றை மெலிந்துவிடுவதால் வழக்கத்தில் தெரியாததெல்லாம் தெரியும். ஜூமைக் குறைத்தால் மறையும், பயப்பட வேண்டாம். ஆனால் ஸ்கோப் இல்லாமலேயே திடீரென்று நிறையத் தெரிய ஆரம்பித்தால், மின்னல் மாதிரி வெட்டினால், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

முன்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். உள்ளே ஓரத்திலிருந்து நூல் நூலாகக் கிளை விட்டு வளர்வது பூஞ்சை. கடலோர ஊர்க்காரர்களுக்கு இது வந்தே தீரும், உறைக்குள் போட்டுப் பரணில் வைத்தால் இன்னும் சீக்கிரம் வரும். வெளிக்கண்ணாடியில் என்றால் துடைத்து எடுக்கலாம், உள்ளே என்றால் கொடுத்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் பூச்சையே அரித்துவிடும், அப்புறம் பூஞ்சையை எடுத்தாலும் தடம் நிற்கும்.

வராமலிருக்க: காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று. 40-50 சதவீதத்தில் வையுங்கள். அரிசி மூட்டைக்குள் புதைப்பவர்கள் உண்டு, தவிடுதான் மூட்டுகளில் ஏறும். நிறம் மாறிய ஜெல்லைச் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் சமையல் கடாயில் வேண்டாம், அதிலும் நீல நிற வகையில் இருக்கும் கோபால்ட் உடம்புக்கு ஆகாது.

ஆவி படிகிறது

வெளியிலா உள்ளேயா? விரலைக் கண்ணாடியில் வைக்காதீர்கள், துணி நுனியால் ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். துடைத்த இடம் தெளிந்தால் வெளியில்.

*வெளியில் என்றால்* ஏ.சி. அறையிலிருந்தோ ஏ.சி. காரிலிருந்தோ எடுத்துக்கொண்டு புழுக்கத்துக்கு வந்திருப்பீர்கள். குளிர்ந்த சொம்பின்மேல் வியர்க்கிற மாதிரிதான். துடைத்துக்கொண்டே இருந்தால் மறுபடி மறுபடி படியும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியில் வையுங்கள். இன்னும் சுலபம், காரில் போகும்போது ஸ்கோப் உங்களோடு உட்கார வேண்டாம், டிக்கியில் போகட்டும். ஐபீஸில் மட்டும் படிந்தால் அது உங்கள் மூச்சும் முகவியர்வையும்தான், கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.

*உள்ளே என்றால்* அடைப்பு விட்டுவிட்டது. மழையில் ஐபீஸைக் கழற்றி மாட்டினீர்களா? அப்படியானால் ஐபீஸுக்கும் உடம்புக்கும் நடுவில் மட்டும் ஈரம் மாட்டியிருக்கலாம், இரண்டையும் கழற்றி, சிலிக்கா ஜெல் டப்பாவில் இரண்டு மூன்று நாள் வைத்துப் பாருங்கள். காய்ந்து திரும்ப வராவிட்டால் தப்பித்தீர்கள். திரும்ப வந்தால் ரப்பர் வளையம் போயிற்று, வெயிலில் வைப்பது, ஹேர் டிரையர் அடிப்பது எல்லாம் பசையை இளக்கிக் காரியத்தைக் கெடுக்கும். அடைப்பை மாற்றி நைட்ரஜன் நிரப்பத் தெரிந்த இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

ஃபோகஸ் குமிழ் முரண்டு பிடிக்கிறது

சுற்றுகிறது, ஆனால் கிட்டத்துப் பொருள் கூர்மையாகவில்லை என்றால் அளந்து பாருங்கள். பெரிய ஸ்கோப்புகளுக்கு ஐந்தாறு மீட்டருக்குள் ஃபோகஸ் கிடையாது. காலடியில் ஓடும் நண்டைப் பார்க்க அது செய்யப்படவில்லை.

கரகரவென்று சத்தம் வந்தால் மணல். குமிழ் இடுக்கைத் தூரிகையால் தட்டி, ஊதியால் ஊதுங்கள். எண்ணெய் விடாதீர்கள், தேங்காயெண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் உள்ளே போய்க் கண்ணாடியில் படரும். கெட்டியாக இறுகிவிட்டது, இல்லை எவ்வளவு சுற்றினாலும் படத்தில் மாற்றமே இல்லை என்றால் உள்ளே கிரீஸ் உறைந்திருக்கும் அல்லது முளை உடைந்திருக்கும். பலம் காட்ட வேண்டாம், கொடுத்துவிடுங்கள்.

வெள்ளைக் கொக்குக்கு ஊதா ஓரம்

கண்ணைச் சரியாக நடுவில் வையுங்கள், பாதி குறையும். மீதி அந்தக் கண்ணாடியின் தரம். பழுதில்லை, திருத்தவும் முடியாது. நிறம் பிரிவதைக் குறைக்கும் ‘ஈடி’ கண்ணாடி போட்ட ஸ்கோப்பில் குறைவாக இருக்கும், அதற்குத்தான் அந்த விலை.

மொபைலில் நடுவில் மட்டும் வட்டமாகத் தெரிகிறது

ஸ்கோப்பை 20 மடங்கில் வைத்து மொபைலில் ஒன்றரை, இரண்டு மடங்கு ஜூம் செய்யுங்கள், வட்டத்தின் ஓரம் வெளியே போய்விடும். வட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், வெள்ளைச் சுவரையோ வானத்தையோ காட்டி, அடாப்டரை வட்டம் நடுவில் வரும்வரை நகர்த்தி இறுக்குங்கள். ஐகப் முழுக்க இறக்கி இருக்கட்டும், அடாப்டர் வேறு விதமாகச் சொன்னால் தவிர.

மூன்று கேமரா உள்ள மொபைலில், ஜூம் செய்யும்போது திடீரென்று திரை கறுத்துப்போகும். மொபைல் தானாக வேறு லென்ஸுக்குத் தாவிவிட்டது. ப்ரோ மோடில் போய் முதன்மைக் கேமராவைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தாவாது. திரையைத் தொட்டுப் படமெடுத்தால் ஆடும், மூன்று நொடி டைமர் வையுங்கள், இல்லை ஒயர் இயர்போனின் ஒலி பட்டனை அழுத்துங்கள். கனமான மொபைல் மாட்டினால் எடை பின்பக்கம் போய்விடும், அப்போது ஸ்கோப் சரியும் தலைப்புக்குத் திரும்பிப் போங்கள்.

யாரிடம் கொடுப்பது

உள்ளே ஆவி, உள்ளே பூஞ்சை, உருளும் சத்தம், வால் முளைத்த நட்சத்திரம், செத்துப்போன ஃபோகஸ் குமிழ். இந்த ஐந்துக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும். உத்தரவாதக் காலம் இருந்தால் வேறெங்கும் கொடுக்காமல் நிறுவனத்தின் சேவை மையத்துக்கே அனுப்புங்கள், நடுவில் ஒரு கடைக்காரர் திறந்துவிட்டால் உத்தரவாதம் போய்விடும். உத்தரவாதம் முடிந்ததா? கேமரா லென்ஸ் பழுதுபார்ப்பவர்களில் சிலர் செய்வார்கள், ஆனால் “திறந்து துடைத்த பிறகு கேஸ் நிரப்புவீர்களா?” என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். என் முதல் ஸ்கோப்பை அப்படிக் கேட்காமல் ஒரு கடையில் கொடுத்தேன், பளபளவென்று துடைத்துத் தந்தார்கள், அடுத்த ஐப்பசியில் உள்ளே மறுபடி ஆவி. மலிவு ஸ்கோப் என்றால் பழுதுச் செலவை முன்கூட்டியே கேளுங்கள், பாதி விலைக்கு மேல் சொன்னால் நான் கொடுக்க மாட்டேன்.

கொடுக்கும் முன் வரிசை எண்ணை ஒரு படம் எடுங்கள். காலண்டரையும் அதே முப்பது மீட்டரில், அதே 40 மடங்கில் மொபைல் வழியாக ஒரு படம் எடுத்து வையுங்கள், தேதி கிழித்த தாளோடு. திரும்பி வந்ததும் அதே சுவரில் மாட்டி இன்னொரு படம் எடுத்து, இரண்டிலும் ராகு காலத்தைப் படித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.